அளக்கப்படாத இரத்தம்



மனித உடலில் சேரும் நச்சுப் பொருள்களைப் பற்றியும், அரசுகள் அவற்றை எப்படிக் கையாள்கின்றன என்பதைப் பற்றியும் பேசச் சொன்னீர்கள். பூச்சிக்கொல்லி, பாதரசம், ஆர்செனிக் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. காரீயம் என்ற ஒரே உலோகத்தை எடுத்துக்கொள்கிறேன். இதன் நூறாண்டு வரலாறு முழுதும் பதிவாகியிருக்கிறது. அரசுகள் எத்தனை காலம் பேசாமல் இருந்தன, கடைசியில் எது அவற்றை அசைத்தது என்பதை ஆண்டுவாரியாகச் சொல்ல முடியும். அந்த வரலாற்றிலிருந்து நான் வந்தடைந்த முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மக்களின் இரத்தத்தை அளந்து பார்க்காத அரசு, அதில் என்ன கலந்தாலும் அசையாது. நம் நாடு இன்னும் அளக்கத் தொடங்கவில்லை.

இரும்பு நம் உடலுக்கு வேண்டும், துத்தநாகம் வேண்டும், செம்புகூடத் துளியளவு வேண்டும். காரீயத்தால் உடலுக்கு ஆகும் வேலை எதுவுமே இல்லை. ஆனாலும் உடல் அதைத் தடுப்பதில்லை. கால்சியம் போகும் வழியிலேயே அதுவும் போய்விடுகிறது. வளர்ந்தவர் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தால், சிறு குழந்தையின் குடலில் ஏறத்தாழப் பாதி சேர்ந்துவிடும். இரத்தத்தில் இருப்பது மாதக் கணக்கில் குறையும். எலும்புக்குள் போனது பத்து, இருபது ஆண்டுகளுக்கு அங்கேயே தங்கும். ஒரு பெண் கருவுறும்போது, குழந்தைக்குக் கால்சியம் கொடுக்க அவளுடைய எலும்பு கரைகிறது. சிறுமியாக இருந்தபோது எலும்பில் படிந்த காரீயமும் அதோடு சேர்ந்து கரைந்து, நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகிறது. ஒரு தலைமுறை வாங்கிய நஞ்சை அடுத்த தலைமுறை பிறக்கும் முன்பே பெற்றுக்கொள்கிறது.

மூளை வளரும் வயதில் நரம்புகள் ஒன்றோடொன்று இணையும் வேலையைக் காரீயம் குலைக்கிறது. இரத்தச் சிவப்பணு உருவாவதையும் தடுக்கிறது. அளவு மிக அதிகமானால் வயிற்றுவலி, வலிப்பு, மயக்கம் வரும், உயிரும் போகலாம். அளவு குறைவாக இருக்கும்போதுதான் உண்மையான சிக்கல். வெளியே ஒன்றும் தெரியாது. குழந்தை ஓடும், விளையாடும், சாப்பிடும். பள்ளியில் கவனம் சிதறும், கணக்கு ஏறாது. "மந்தமான பிள்ளை" என்று ஆசிரியர் சொல்வார், "அப்பனைப் போலத்தான்" என்று உறவினர் சொல்வார்கள். காரீயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரத்தத்தைச் சோதிக்காமல் அதைச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய நிலைப்பாடு.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். 1921 டிசம்பரில், அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் இன்ஜினில் எழும் தட்டல் ஓசை நின்றுவிடுவதைக் கண்டார். சாராயம் கலந்தாலும் அந்த ஓசை நிற்கும் என்பது அவருக்குத் தெரியும், அதையும் அவரே சோதித்திருந்தார். ஆனால் சாராயத்துக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. 1923-ல் காரீய பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் அந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. ஐந்து பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்ததைத் தொழிலாளர்கள் முன்பிருந்தே "பைத்தியக்கார வாயு" என்றுதான் சொல்லி வந்தார்கள். படித்தவர்கள் ஏற்கும் முன்பே உழைப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே மாதக் கடைசியில் மிட்ஜ்லி செய்தியாளர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தால் கைகளைக் கழுவி, அதன் ஆவியை மூச்சில் இழுத்துக் காட்டினார். முந்தைய ஆண்டு காரீய நஞ்சால் நோயுற்று அவரே ஓய்வெடுக்கச் சென்றிருந்தவர்.

1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு ஒரு மாநாட்டைக் கூட்டியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரான ஆலிஸ் ஹாமில்டன் அதில் கலந்துகொண்டார். ஆலைகளுக்குள் நேரே போய்த் தொழிலாளர்களின் நோய்களை ஆராய்ந்த மருத்துவர் அவர். காரீயத்தைத் தெருவெங்கும் தூவிவிட்டால் பிறகு அதை யாராலும் திரும்பப் பெற முடியாது என்று அவரும் யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சனும் வாதிட்டார்கள். தீங்கு நேரும் என்று அஞ்சுபவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது தொழில் தரப்பின் வாதம். அரசு ஒரு குழுவை அமைத்தது. அது சில மாதங்களில் 252 ஓட்டுநர்களையும் பட்டறைத் தொழிலாளர்களையும் சோதித்தது. தடை விதிக்கப் போதிய காரணம் இல்லை என்று 1926 ஜனவரியில் அறிக்கை தந்தது. வாகனங்கள் பெருகினால் நிலைமை மாறலாம், ஆகவே ஆய்வைத் தொடர வேண்டும் என்றும் அந்த அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு பரிந்துரையை அரசு காற்றில் விட்டது.

இதற்குப் பின் வந்த நாற்பது ஆண்டுகளை நான் மிகவும் கவலையோடு படித்தேன். அந்தக் காலம் முழுவதும் காரீயம் உடலில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் ஒரே மனிதரிடம் இருந்தது. அவர் சின்சினாட்டியின் ராபர்ட் கீஹோ. அவருடைய ஆய்வகம் காரீயம் விற்பவர்களின் பணத்தில் நடந்தது. காரீயம் இயற்கையிலேயே மனித உடலில் இருப்பது, உடல் அதை வெளியேற்றிவிடும், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 80 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் ஆபத்து என்பவை அவருடைய கோட்பாடுகள். கார் ஓடாத மெக்சிகோ நாட்டுப்புற மக்களின் உடலிலும் காரீயம் இருப்பதை அவர் சான்றாகக் காட்டினார். அந்த மக்கள் காரீய மெருகு பூசிய மண்பாண்டங்களில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். கீஹோவைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை, அவர் கவனமாக அளந்தவர். ஆனால் அவர் அளந்ததையே மறுபடி அளந்து பார்க்க வேறு யாரிடமும் கருவியும் பணமும் இல்லாத நிலையை அரசு அனுமதித்தது. குற்றம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கோட்டையை உடைத்தவர் மருத்துவரே இல்லை. புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன், விண்கல்லில் உள்ள காரீயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-ல் வெளியிட்டவர். அந்த வேலையின்போது அவருக்கு ஒரு தொல்லை. எதை அளந்தாலும் வெளியிலிருந்து வந்த காரீயம் கலந்திருந்தது. மேசையில், குழாய் நீரில், தன் தலைமுடியில்கூட. ஆய்வகத்தையே தூசி புகாத அறையாக மாற்றிய பிறகுதான் அவரால் சரியாக அளக்க முடிந்தது. பிறகு கடல்நீரையும் துருவப் பனியையும் அளந்தார். 1965-ல் அவர் எழுதிய கட்டுரை, வழக்கமான அளவு வேறு, இயற்கையான அளவு வேறு என்று காட்டியது. எல்லோர் உடலிலும் இருப்பதால் ஒரு நஞ்சு இயற்கையாகிவிடாது. ஐரோப்பியர் வருகைக்கு முன் வாழ்ந்த பெரு நாட்டு மக்களின் எலும்புகளோடு ஒப்பிட்டபோது, இன்றைய மனிதரின் எலும்பில் காரீயம் நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம் என்று அவர் குழு பின்னர் கண்டது. பேட்டர்சனுக்கு ஆய்வுப் பணம் நின்றது, குழுக்களில் இடம் மறுக்கப்பட்டது.

குழந்தை மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன் வேறொரு வழியில் போனார். பாஸ்டனை ஒட்டிய செல்சீ, சோமர்வில் ஊர்களில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து விழுந்த பால் பற்களைச் சேகரித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பல்லைக் கொடுத்தார்கள். பல்லில் காரீயம் அதிகமிருந்த குழந்தைகள் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கினார்கள், வகுப்பில் கவனம் குறைந்திருந்தார்கள். யாருக்கும் வெளிப்படையான நோய் இல்லை. 1979-ல் இது வெளியானது. பல ஆண்டுகள் கழித்து அவர் மீது ஆய்வு முறைகேடு என்று புகார் எழுப்பினார்கள். விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று முடிவானது.

இவ்வளவு இருந்தும் அரசு தயங்கியது. 1982-ல், பெட்ரோலில் காரீயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதியைத் தளர்த்தவே ரீகன் அரசு முயன்றது. அதைத் தடுத்தது ஒரு வரைபடம். அமெரிக்கா 1976 முதல் 1980 வரை நாடு தழுவிய உடல்நல ஆய்வு ஒன்றை நடத்தியது. ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தை எடுத்து, அதில் காரீயத்தையும் அளந்தார்கள். அந்த ஆண்டுகளில் புதுக் கார்களுக்குக் காரீயமற்ற பெட்ரோல் வரத் தொடங்கியிருந்தது. விற்ற பெட்ரோலில் இருந்த காரீயத்தின் அளவை ஒரு கோடாகவும், மக்களின் இரத்தத்தில் இருந்ததை இன்னொரு கோடாகவும் வரைந்தபோது இரண்டும் ஒட்டிக்கொண்டே இறங்கின. நான்கே ஆண்டில் இரத்தக் காரீயம் 37 சதவீதம் குறைந்திருந்தது. இதற்கு மறுப்புச் சொல்ல யாராலும் முடியவில்லை. 1985-ல் அரசு புது விதி இயற்றியது, அடுத்த ஆண்டு முதல் காரீயத்தின் அளவைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கச் சொன்னது. 1996-ல் சாலை வாகனங்களுக்கு முழுத் தடை வந்தது. 1960-ல் 60 மைக்ரோகிராம் என்றிருந்த குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவு படிப்படியாக 40, 30, 25, 10, 5 என்று இறங்கி, 2021-ல் 3.5 ஆனது. அளக்க அளக்கத்தான் தீங்கு எவ்வளவு கீழே வரை நீள்கிறது என்று தெரிந்தது.

இப்போது நம் நாடு. 1995-ல் பெருநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அதுவே கிடைத்தது. உச்ச நீதிமன்றத்தில் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்குகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. நல்ல முடிவு, காலத்தில் எடுத்த முடிவு என்று மனமாரச் சொல்கிறேன். அதன்பின் நாம் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 756 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், சராசரி 11 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. பெட்ரோலிலிருந்து காரீயம் நீங்கிய பின் எடுத்த இரத்தம் அது. எந்தக் குழந்தையின் இரத்தத்தில் அதிகமோ, அந்தக் குழந்தைக்குக் கவனக் குறைவும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. 2020-ல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் சுமக்கும் உலகக் குழந்தைகள் 80 கோடி என்றும், அவர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள் என்றும் மதிப்பிட்டது. அது மதிப்பீடுதான். அரசு அளந்து சொன்ன எண் இல்லாததால் மதிப்பீட்டை வைத்துப் பேசுகிறோம்.

பெட்ரோல் இல்லையென்றால் எங்கிருந்து வருகிறது? முதலில் பழைய பேட்டரி. இன்வெர்ட்டரிலும் ஆட்டோவிலும் இருக்கும் பேட்டரி ஒவ்வொன்றிலும் கிலோக் கணக்கில் காரீயம் உண்டு. அதை எடைக்குப் போடுகிறோம். முறையான உருக்காலைக்குப் போனால் பெரும்பகுதியும் மீண்டும் பேட்டரியாகும். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் தகரக் கொட்டகைக்குப் போனால், கோடாலியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, தகட்டைத் திறந்த அடுப்பில் உருக்குவார்கள். புகை பக்கத்து வீட்டுக் கூரையில் படியும். வேலை முடிந்து வருபவரின் சட்டையில் ஒட்டிய தூசியை, அவர் மடியில் ஏறும் குழந்தை விழுங்கும். பேட்டரிகளைத் திரும்பப் பெற 2001-லும் 2022-லும் விதிகள் வந்தன. கொட்டகைக்காரர் அதிக விலை கொடுக்கும் வரை பேட்டரி அங்கேதான் போகும். அவரிடம் வேலை செய்பவருக்கு முகமூடியும் கிடையாது, இரத்தச் சோதனையும் கிடையாது.

பெயின்ட் இன்னொன்று. வெள்ளைக் காரீய பெயின்ட்டைக் கட்டிடங்களுக்கு உள்ளே பூசுவதைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1921-லேயே உருவானது. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டுக்கு, பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறையானது. ஆலைகளில் இரும்புக்கும் இயந்திரத்துக்கும் பூசும் பெயின்ட் அந்த விதிக்குள் வரவில்லை. அதற்கு முன் பூசிய சுவர்கள், ஜன்னல் கம்பிகள், பள்ளிக்கூடக் கதவுகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. சுரண்டிவிட்டுப் புது வர்ணம் அடிக்கும்போது பறக்கும் தூள்தான் மிக ஆபத்தானது. குழந்தைகளை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் அதைச் செய்ய வேண்டாம் என்று தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சமையலறைக்கும் வர வேண்டியிருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அதாவது டின். அது நல்ல பாத்திரம். மலிவு விலைக்காக அதில் காரீயத்தைக் கலந்தால், புளிக்கரைசல் கொதிக்கக் கொதிக்கக் காரீயம் ரசத்தில் இறங்கும், வாங்குபவருக்குப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. பித்தளைக்குப் பூசும் ஈயமும் அப்படியே. பழைய உலோகத்தைக் கலந்து உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரங்களிலும் காரீயம் வருகிறது. இந்தியாவிலிருந்து போன இண்டாலியம் பாத்திரங்களில் சில உணவில் காரீயத்தைக் கசியவிடுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2025-ல் எச்சரித்தது. நாம் செய்த பாத்திரத்தின் குறையை அவர்கள் நாட்டில் சோதித்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அளந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்டை நாட்டிலேயே சான்று இருக்கிறது. வங்கதேசத்தில் தொழிற்சாலையே இல்லாத கிராமங்களில் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் காரீயம் இருந்தது. ஆய்வாளர்கள் மண்ணைப் பார்த்தார்கள், அரிசியைப் பார்த்தார்கள், டப்பாக்களைப் பார்த்தார்கள். கடைசியில் மஞ்சள் தூளில் பிடிபட்டது. ஒவ்வொரு இடத்துக் காரீயத்துக்கும் ஓர் ஐசோடோப்பு அடையாளம் உண்டு. பெண்களின் இரத்தத்தில் இருந்ததும் மஞ்சளில் இருந்ததும் பொருந்தின. மங்கிய மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பு ஏற்ற லெட் குரோமேட் என்ற சாயத்தைத் தூவி மெருகேற்றி வந்திருக்கிறார்கள். வெள்ளத்தில் நனைந்து நிறம் போன கிழங்கை விற்பதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பழக்கம் அது. 2019-ல் ஆய்வு வெளியானதும் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சந்தைகளில் எச்சரிக்கை ஒட்டியது, டாக்காவின் மொத்தச் சந்தையில் கையோடு சோதித்து அபராதம் விதித்தது. அந்த ஆண்டு சோதித்த மஞ்சளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. 2021-ல் ஒன்றில்கூட இல்லை. ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்திலும் குறைந்தது. செலவு மிகக் குறைவு. பிற்பாடு பாட்னா, கராச்சி, பெஷாவர் சந்தைகளில் வாங்கிய மஞ்சள் தூளிலும் மிக அதிகக் காரீயம் இருப்பது தெரிந்தது. மஞ்சள் நமக்குச் சமையல் பொருள் மட்டுமில்லை. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டவும் மஞ்சள்தான் எடுக்கிறோம்.

"கண்டுபிடித்து என்ன செய்வது, மருந்து இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான கேள்வி. மிக அதிக அளவுக்கு, உயிரைக் காப்பாற்ற, காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து உண்டு. நடுத்தர அளவுக்கு அந்த மருந்தை 780 குழந்தைகளிடம் சோதித்து 2001-ல் முடிவு வெளியிட்டார்கள். இரத்தத்தில் காரீயம் குறைந்தது, அறிவுத்திறன் திரும்பவில்லை. போனது போனதுதான். இரத்தச் சோதனையின் பயன் அந்தக் குழந்தையோடு முடிவதில்லை. அதன் வீட்டில், தெருவில், உணவில் எங்கே ஊற்று இருக்கிறது என்று தேட வைப்பதுதான் பயன். அதன் தம்பி தப்பிப்பான்.

சத்துணவுக்கும் இதில் பங்குண்டு. இரும்புச்சத்து குறைந்த குடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும், வெறும் வயிறும் அப்படியே. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்று ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. ஆகவே பள்ளியில் காலையில் தரும் உணவும், மதியம் தரும் முட்டையும், கீரையும், இரும்புச் சத்து மாத்திரையும் காரீயத்திலிருந்தும் ஓரளவு காக்கின்றன. அவற்றை நடத்தும் அரசு இன்னும் ஒரு படி போனால் போதும். அந்தக் குடும்பநல ஆய்வில் லட்சக்கணக்கான குழந்தைகளின் விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தார்கள். காரீயத்தையும் விரல் நுனித் துளியிலேயே, சில நிமிடங்களில் பார்க்கும் கையடக்கக் கருவி இருக்கிறது. தடுப்பூசிக்கு வரும் ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினரையாவது ஆண்டுதோறும் சோதித்து, வட்டம் வட்டமாக எண்களை வெளியிட வேண்டும். முதலில் பேட்டரி உருக்கும் பகுதிகளிலிருந்து தொடங்கலாம்.

சட்டத்தில் இதற்கு ஒரு கொக்கி ஏற்கெனவே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் காரீய நஞ்சை முதல் இடத்தில் வைத்தது. தொழிலாளியிடம் அதைக் காணும் மருத்துவர் உடனே தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றும் அது சொன்னது. அதற்குப் பதிலாக வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது. பதிவு பெற்ற ஆலைக்குள் வேலை செய்யும் ஆளுக்கு அந்தக் காவல் உண்டு. கொட்டகையில் பேட்டரி பிளக்கும் ஆளுக்கும், அவர் சட்டையைத் துவைக்கும் மனைவிக்கும், அவர்கள் குழந்தைக்கும் இல்லை. பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், குழந்தையின் இரத்தத்தில் காரீயத்தைக் காணும் ஒவ்வொரு மருத்துவரும் ஆய்வகமும் மாவட்டச் சுகாதார அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவித்த பின் குறிப்பிட்ட நாட்களுக்குள் அந்த வீட்டுக்கும் பட்டறைக்கும் அலுவலர் சென்று பார்க்க வேண்டும் என்று மாநில அரசு ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். இந்த அவையில் சட்டம் படிப்பவர்களும் மருத்துவம் படிப்பவர்களும் இருக்கிறீர்கள். அந்த ஆணையின் வரைவை நீங்கள் சேர்ந்து எழுதினால், நான் அறிந்த வேதியியலை உடன் இருந்து தருகிறேன்.